முதல் விபத்துக்கும் இரண்டாவது விபத்துக்கும் இடையில்

ஐசிஏஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் அமர்ந்திருக்கும் 193 நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

கிடைக்காமல் போன ஒரு தொலைபேசி லைனைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2002 ஜூலை 1. இரவு பதினொன்றரை மணி. ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், யூபர்லிங்கன் ஊருக்கு மேலே, 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒரே புள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்கு 69 பேரோடு போன டுபோலெவ். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். மற்றது இரண்டே விமானிகளோடு போன சரக்கு போயிங். வானம் ஜெர்மனியுடையது, ஆனால் அந்தப் பகுதியைக் கவனிக்கும் பொறுப்பு சுவிட்சர்லாந்தின் சூரிச் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்துக்கு. அங்கே ஒரே ஒரு கட்டுப்பாட்டாளர் இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காக, மோதல் வரப்போவதைத் திரையில் முன்கூட்டியே காட்டும் வசதியையும் முதன்மைத் தொலைபேசி இணைப்பையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்தவர்கள் தங்கள் திரையில் ஆபத்தைப் பார்த்துவிட்டார்கள். சூரிச்சுக்குத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். லைன் கிடைக்கவில்லை.

இரண்டு விமானங்களிலும் டிகாஸ் என்கிற மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. இரண்டு கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரு விமானத்தை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். அன்றும் அவை சரியாகத்தான் வேலை செய்தன. மோதலுக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் சூரிச் கட்டுப்பாட்டாளர் டுபோலெவை இறங்கச் சொன்னார். சில நொடிகளில் அதே விமானத்தின் டிகாஸ் ‘ஏறு’ என்றது. மனிதர் சொல்வதைக் கேட்பதா, கருவி சொல்வதைக் கேட்பதா? டுபோலெவ் விமானிகள் மனிதர் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். போயிங் விமானிகள் கருவியின் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கி, 35,000 அடிக்குச் சற்றுக் கீழே மோதின. 71 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விமானத்தில் ஏறப் பயப்படுகிற ஆள் நான். பயம் தெளியட்டும் என்றுதான் விபத்து அறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பயம் ஓரளவு தெளிந்தது. அந்த இடத்தில் ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கவலைதான் இந்த மடல்.

யூபர்லிங்கன் மோதலுக்குப் பதினேழு மாதம் முன்னால், 2001 ஜனவரி 31 அன்று, ஜப்பான் வானில் இதே காட்சி அப்படியே நடந்திருக்கிறது. இரண்டு பெரிய ஜப்பானிய விமானங்கள், இரண்டிலும் சேர்த்து அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள். கட்டுப்பாட்டாளர் விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு விமானத்தின் டிகாஸ் ஏறச் சொன்னது. அதன் விமானி கட்டுப்பாட்டாளர் சொன்னபடி இறங்கினார். மற்ற விமானம் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. கடைசி நொடியில் விமானிகள் கண்ணால் பார்த்து விலக்கிக்கொண்டதால் மோதல் தவிர்ந்தது. சுமார் 100 பேருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. இந்த நிகழ்வைப் பற்றிய ஜப்பானின் இறுதி அறிக்கை வெளியானது 2002 ஜூலையில், யூபர்லிங்கனில் மோதல் நடந்து சில நாட்களுக்கு அப்புறம்.

கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதில் உலக விதிகளும், நாடுகளின் விதிகளும், விமான நிறுவனங்களின் கையேடுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, சில இடங்களில் முரண்பட்டன என்று ஜெர்மன் புலனாய்வாளர்கள் 2004-இல் எழுதினார்கள். உங்கள் அமைப்பின் விதிகளையும் சேர்த்தே சொன்னார்கள். அதற்கு முன்பே, 2003-இல், நீங்கள் விதியைத் தெளிவாக்கியிருந்தீர்கள்: கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இன்று உலகத்தில் எந்த விமானியைக் கேட்டாலும் தயங்காமல் அதைத்தான் சொல்வார். இதற்காக உங்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் அந்த வரியை எழுத வேண்டிய நேரம் 2001 பிப்ரவரி என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

படிக்கப் படிக்க இந்த மாதிரி ஜோடிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. 1972 ஜூன் 12 அன்று கனடாவின் விண்ட்சர் ஊருக்கு மேலே ஒரு டிசி-10 விமானத்தின் சரக்கு அறைக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. பயணிகள் அறையின் தரை ஒரு பக்கம் உள்வாங்கியது. விமானி திறமையாக டெட்ராய்டில் இறக்கிவிட்டார், எல்லோரும் பிழைத்தார்கள். கதவின் பூட்டில் குறை என்பது அன்றே தெரிந்துவிட்டது. கட்டாய உத்தரவு போட வேண்டிய அமெரிக்க அரசுத் துறை, தயாரிப்பாளரே விமான நிறுவனங்களுக்குக் குறிப்பு அனுப்பிச் சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. 1974 மார்ச் 3 அன்று பாரிசுக்கு வெளியே எர்மெனான்வில் காட்டில் துருக்கி நாட்டின் டிசி-10 விழுந்தது. அதே கதவு. 346 பேர் இறந்தார்கள். அந்தக் கதவில் செய்ய வேண்டிய திருத்தம் செய்து முடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது, கதவில் இல்லை.

அந்த விபத்தில் என்னை விடாமல் துரத்துவது சின்ன விஷயம் ஒன்று. கதவை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்பு கதவிலேயே ஒட்டப்பட்டிருந்தது, ஆங்கிலத்திலும் துருக்கியிலும். பாரிசில் அன்று கதவைச் சாத்திய சுமைப் பணியாளருக்கு வேறு மொழிகள் தெரியும். அந்த இரண்டும் படிக்கத் தெரியாது. கைப்பிடி எப்போதும் போல் உள்ளே போய் உட்கார்ந்தது. அவரைப் பொறுத்தவரை கதவு பூட்டிவிட்டது. ஒரு நாட்டில் வடிவமைத்து, இன்னொரு நாடு வாங்கி, மூன்றாவது நாட்டில் சாத்தப்பட்ட கதவு அது. விமானப் பாதுகாப்பை ஏன் தனித்தனி நாடாகப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாவது ஜோடி உங்கள் எல்லோருக்கும் நினைவில் இருக்கும். 2018 அக்டோபர் 29, இந்தோனேசியா, 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியா, 157 பேர். இரண்டும் போயிங் 737 மேக்ஸ். எம்காஸ் என்ற மென்பொருள், பழுதான ஒரே ஒரு உணரியை (சென்சாரை) நம்பி, விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே முதல் விபத்துவரை விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை. இரண்டாவது விபத்துக்கு மறுநாள் சீனா அந்த ரக விமானங்களைத் தரையிறக்கியது. அப்புறம் ஒவ்வொரு நாடாகத் தரையிறக்கிக்கொண்டே வந்து, வடிவமைப்புக்குச் சான்று கொடுத்த அமெரிக்கா மார்ச் 13-இல்தான் அந்த முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்கா, சீனா, ஐரோப்பா, இந்தோனேசியா, பிரேசில், ஜப்பான் என்று பல நாட்டு விமானத் துறை வல்லுநர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தச் சான்றிதழ் எப்படிக் கொடுக்கப்பட்டது என்று அலசினார்கள். 2019 அக்டோபரில் அறிக்கையும் வந்தது. நல்ல அறிக்கை. அந்த மேசையை முதல் விபத்துக்கு அடுத்த வாரமே போட்டிருந்தால்? இடையில் நான்கரை மாதம் இருந்ததே.

பதினேழு மாதம், இருபத்தொரு மாதம், நான்கரை மாதம். பாடம் ஒரு நாட்டில் தெரிந்துவிட்ட பிறகும், அது இன்னொரு நாட்டின் விமானி அறைக்குப் போய்ச் சேராமல் இருந்த காலம் இது. இந்த இடைவெளியைக் குறைப்பதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முடியாத காரியமா என்றால், நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். 1982 ஜூன் 24 இரவு இந்தோனேசியாவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ புகுந்தது. நான்கு என்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. விமானம் சத்தமில்லாமல் மிதந்து இறங்கியது. சாம்பலுக்குக் கீழே வந்த பிறகு என்ஜின்கள் மறுபடி பிடித்தன. முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கிப்போயிருந்தது; அதன் ஓரத்தில் தெரிந்த கொஞ்சம் இடத்தின் வழியாகப் பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். 1989 டிசம்பரில் அலாஸ்காவுக்கு மேலே ஒரு கேஎல்எம் ஜம்போவுக்கும் இதே கதி. அதுவும் பத்திரமாக இறங்கியது. இரண்டிலும் ஒரு உயிர்கூடப் போகவில்லை. இருந்தும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. உலகத்தை ஒன்பது பங்காகப் பிரித்து, டோக்கியோ, டார்வின், துலூஸ், வாஷிங்டன், பியூனஸ் அயர்ஸ் என்று ஒன்பது இடங்களில் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் அமைத்தீர்கள். இன்று எங்கோ ஒரு மலை புகைந்தால் அந்தச் சாம்பல் எந்த உயரத்தில், எந்தத் திசையில் போகிறது என்று அதன் பாதையில் உள்ள நாடுகளுக்கெல்லாம் தகவல் போகிறது. அந்த மலை யாருடையது என்று யாரும் சண்டை போடுவதில்லை. எரிமலைக்கு முடிந்தது கதவுக்கும் மென்பொருளுக்கும் ஏன் முடியவில்லை?

எனக்குத் தோன்றும் பதில் இதுதான். எரிமலைமேல் யாரும் வழக்குப் போட முடியாது. கதவுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் பெயர் இருக்கிறது. அதனால்தான் விபத்து விசாரணைக்காக நீங்கள் எழுதிய இணைப்பு 13 எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யார்மீதும் குற்றம் சுமத்துவது இல்லை என்று அதில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறீர்கள். விபத்து நடந்த நாடு விசாரணையை நடத்தும். விமானத்தைப் பதிவு செய்த நாடு, இயக்கிய நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு எல்லாம் தங்கள் பிரதிநிதியை அனுப்பலாம். முதல்கட்ட அறிக்கை 30 நாளுக்குள். இறுதி அறிக்கை முடிந்தவரை 12 மாதத்துக்குள். முடியாவிட்டால் ஒவ்வொரு ஆண்டு நிறைவிலும் எதுவரை வந்திருக்கிறோம் என்று ஓர் இடைக்கால அறிக்கை.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நடப்பில் பல விபத்துகளின் இறுதி அறிக்கை வருடக்கணக்காக வருவதில்லை. சில நாடுகளிடம் ஆளும் இல்லை, கருப்புப் பெட்டியைப் படிக்கும் கூடமும் இல்லை. அது குற்றம் ஆகாது. எத்தியோப்பிய விபத்தின் பெட்டிகளைப் பிரான்ஸ் படித்துக் கொடுத்தது. உக்ரைனில் விழுந்த மலேசியாவின் எம்எச்17 விமானத்தின் விசாரணையை உக்ரைன் நெதர்லாந்திடம் ஒப்படைத்தது. பதினைந்து மாதத்தில் இறுதி அறிக்கை வந்துவிட்டது. உங்கள் விதியே அதற்கு இடம் தருகிறது. கேட்டால் கிடைக்கும் உதவி என்பதை, கேட்காமலே முதல் நாளே வந்து நிற்கும் உதவியாக மாற்றுங்கள். ஆளும் கூடமும் இருந்தும் அறிக்கையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் நாடுகளின் கதை வேறு. அவர்களிடம் நீங்கள் இன்னும் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மரியாதையின் விலையை அடுத்த விமானத்தில் ஏறுகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

எம்எச்17 பற்றிச் சொன்னதால் அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலை 17. போர் நடந்துகொண்டிருந்த கிழக்கு உக்ரைனில் 32,000 அடிவரை வான்பரப்பு மூடப்பட்டிருந்தது. அந்த விமானம் 33,000 அடியில் பறந்தது. விதிப்படி திறந்திருந்த வானம் அது. அதே நாளில் பல நாட்டு விமானங்கள் அதே வழியாகப் போய் வந்திருக்கின்றன. ஏவுகணை தாக்கி 298 பேர் இறந்தார்கள். 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தையும் ஏவுகணைதான் வீழ்த்தியது, 176 பேர். அந்த இரவு ஈரான் தானே ஏவுகணைகளை ஏவியிருந்தது, பயணிகள் விமானங்களுக்கு வானம் திறந்தே இருந்தது. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உங்கள் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, வானம் அந்தந்த நாட்டின் முழு உரிமை என்கிறது. அந்த உரிமையில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் போரில் இருக்கும் நாடு தன் வானத்தைத் தானே மூடும் என்று காத்திருக்க முடியாது என்பதை இரண்டு விமானங்கள் சொல்லிவிட்டன. ஒரு நாட்டுக்கு உளவுத் தகவல் கிடைத்து, அது தன் விமானங்களை மட்டும் திருப்பிவிட்டுப் பேசாமல் இருந்தால், அதே வானத்தில் அதே நேரம் பறக்கிற மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? அந்தத் தகவல் உடனே எல்லோருக்கும் போக வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாம், ‘அந்தப் பக்கம் போகாதீர்கள்’ என்றால் போதும்.

உங்கள் விதிகளில் கட்டாயமான ‘தரம்’ என்றும் கட்டாயமில்லாத ‘பரிந்துரை’ என்றும் இரண்டு வகை இருப்பது எங்களைப் போன்ற பயணிகளுக்குத் தெரியாது. ஓடுபாதை முடிந்த பிறகு இருக்க வேண்டிய பாதுகாப்பு வெளி 90 மீட்டர் என்பது தரம், 240 மீட்டர் என்பது பரிந்துரை. ஒரே விமானம், ஒரே வேகம். ஓர் ஊரில் சறுக்கினால் புல்வெளி, இன்னோர் ஊரில் சறுக்கினால் சுவர். 2024 டிசம்பர் 29 அன்று தென் கொரியாவின் முவானில் சக்கரம் இறங்காமல் சறுக்கிப் போன விமானம், ஓடுபாதைக்கு அப்பால் ஆன்டெனாவைத் தாங்க எழுப்பியிருந்த கான்கிரீட் மேட்டில் மோதி, 179 பேர் இறந்தார்கள். மோதினால் உடைந்து வழிவிடும்படி இருக்க வேண்டியது அது. உலகத்தின் ஒவ்வொரு ஓடுபாதையின் முனையிலும் இப்படி என்ன நிற்கிறது என்ற கணக்கு உங்கள் மேசைக்கு வந்துவிட்டதா?

சின்ன விஷயம் ஒன்று, என் சொந்த அனுபவம். ஒரே பயணத்தில் இரண்டு விமானம் மாற வேண்டியிருந்தது. முதல் விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையோடு மேலே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டாவதில் மேலே வைக்கவே கூடாது, கண்ணில் படும்படி முன்னால் வையுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் ‘அப்போ அந்த விமானத்தில் தீப்பிடிக்காதா?’ என்று விமானப் பணிப்பெண்ணிடம் கேட்டார். பாவம், அந்தப் பெண்ணால் என்ன சொல்ல முடியும்? 2025 ஜனவரியில் தென் கொரியாவில் ஒரு விமானம் தரையிலேயே எரிந்த பிறகு அந்த நாடு ஒரு விதி போட்டது, சீனா இன்னொரு விதி போட்டது, விமான நிறுவனங்கள் ஆளுக்கொன்று போட்டன. அக்கறையில் செய்ததுதான். ஆனால் லித்தியம் பேட்டரி எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் எரிகிறது. எது சரியோ அதை ஒன்றாகச் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒன்று. மேற்கு ஆசியாவிலும் பால்டிக் கடல் ஓரத்திலும் கருங்கடல் பக்கமும் ஜிபிஎஸ் சிக்னலைக் கெடுப்பதும், பொய்யான சிக்னல் கொடுப்பதும் 2023-இலிருந்து ரொம்பவே கூடிவிட்டது. விமானம் இருக்கும் இடம் ஒன்று, கருவி காட்டும் இடம் வேறொன்று. 2024-இல் எஸ்டோனியாவின் தார்துவுக்குப் போகும் விமானங்களைப் பின்லாந்தின் ஃபின்ஏர் ஒரு மாதம் நிறுத்தியே வைத்தது. எனக்கு அதிகம் பயம் தருவது வேறு. பொய்யான ஜிபிஎஸ்ஸால், நடுவானில் பறக்கும் விமானத்தில்கூட ‘தரை நெருங்குகிறது, மேலே ஏறு’ என்று எச்சரிக்கை அலறுகிறது. அது பொய் என்று விமானிகளுக்குத் தெரிகிறது, கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். பல ஆண்டுகளாக எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய அந்தக் குரலை நம்பாமல் இருக்கப் பழகுகிறார்கள். ஒருநாள் அது உண்மையைச் சொல்லும்போது எத்தனை நொடி யோசிப்பார்கள்? 2002-இல் ‘ஏறு’ என்ற குரலுக்கும் ‘இறங்கு’ என்ற குரலுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

2025 மார்ச்சில் நீங்களும், தொலைத்தொடர்புக்கான உலக அமைப்பும், கடல் போக்குவரத்துக்கான உலக அமைப்பும் சேர்ந்து இதைப் பற்றிக் கவலை தெரிவித்தீர்கள். படித்தேன், ஆறுதலாக இருந்தது. ஆனால் ஜப்பானில் மோதாமல் தப்பிய அந்த ஜனவரி நாளும், விண்ட்சரில் எல்லோரும் பிழைத்த அந்த ஜூன் நாளும் எனக்கு இதில் தெரிகின்றன. இந்த ஜோடியில் முதலாவது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. எந்த நாடு எங்கே சிக்னலைக் கெடுக்கிறது என்பதைப் பெயர் சொல்லி உங்கள் கவுன்சில் மேசையில் வையுங்கள். விமானிகள் தினமும் எழுதிக் கொடுக்கும் புகார்களை எல்லா நாடும் பார்க்கும்படி ஒரே இடத்தில் திரட்டுங்கள், எரிமலைச் சாம்பலுக்குச் செய்த மாதிரியே.

அப்புறம் ஒன்றே ஒன்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பேரவை கூடுகிறது. அடுத்த பேரவையின் முதல் நாள் காலையில், வேறு எந்தப் பேச்சுக்கும் முன்னால், ஒரு பட்டியலை வாசியுங்கள். 12 மாதம் தாண்டியும் இறுதி அறிக்கை வராத விபத்துகளின் பட்டியல். நாட்டின் பெயர், விபத்து நடந்த தேதி, தாமதமான நாட்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் அந்தந்த நாட்டுப் பிரதிநிதி அவையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விதிகளை நம்பி ஏறும் ஒரு பயணி